முப்பத்தொன்றாம் உருப்படி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே பொழுது போகிறது. உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் உடம்பு எப்படி? தையல் மெஷின் மிதித்து மிதித்து அவளுக்கு முட்டி வலி என்று எழுதியிருந்தாய். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சும்மா களிம்பை நம்ப வேண்டாம்.

உன் மாமாவுக்குப் புண் ஆறி ஐந்து மாதம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே இல்லாத இடத்தில்தான் இன்னும் அரிக்கிறதாம். "சொறிஞ்சு விடு" என்கிறார். நானும் அந்த இடத்துப் போர்வையைச் சொறிந்து விடுகிறேன். அவருக்குச் சரியாகிவிடுகிறது.

கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் ஆறு தட்டுகளில் பட்டாளத்தான் பிரிந்து கிடக்கிறான். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த பட்டாளத்து வண்டிக்கு நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வருஷம் உழைத்து உயிர் கொடுத்தீர்கள். அது ஓடியது பத்தொன்பது நாள். நான் அதைச் சுற்றிப் பெருக்குகிறேன். கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினொரு அடி. அடுப்பிலிருந்து வெளிக்கதவுக்குப் பத்தொன்பது. கதவிலிருந்து மருந்துக்கடைக்கு இருநூற்றாறு. பதினான்கு மாதமாக நான் நடக்கிற நடை அவ்வளவுதான்.

இப்போது விஷயம். இது அவர் எழுதச் சொன்னது. "நீங்களே எழுதிக் கொடுத்தால் என்ன" என்று கேட்டதற்கு, "அவன் கையெழுத்தை நான் பார்க்கணுமா? அவனுக்கு என் கையெழுத்து ஒரு கேடா? நீ படி, நீ எழுது" என்றார். அவர் சொன்னதை அப்படியே இறக்குகிறேன்:

"அந்த எஞ்சினை வச்சே மூணு சக்கரத்துல ஒரு வண்டி கட்டச் சொல்லு. வலது காலுக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது. கியர் கைக்கு, பிரேக் இடது காலுக்கு. பின்னால ரெண்டு சக்கரம், பெஞ்சு மாதிரி அகலமா ஆசனம். அவன் வச்ச பிரேக் பிடிக்காமத்தானே வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு பாலச் சுவத்துல போய் அடிச்சுக் காலை விட்டேன்? உடைச்சவனே கட்டட்டும்."

எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. படுத்திருக்கிறவர் பேச்சு.

உன் நன்மைக்குத் தினமும் வேண்டுகிற
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டேன். முட்டிக்கு ஒத்தடம் கொடுத்ததில் இவளுக்குப் பாதி வலி போய்விட்டது. மீதிப் பாதி நான்தானாம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அடியளவு எழுதினாயே தவிர அதை எழுதவில்லை.

மாமாவிடம் சொல். கட்டிக் கொடுக்கிறேன். எஞ்சினையும் அவர் கை, கால் அளவுகளையும் அனுப்பு. எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. புது வண்டி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மாமா விழுந்த அன்றைக்குப் பிறகு, நான் இதுவரை கட்டிக் கொடுத்த நாலு வண்டிகளையும் திரும்ப வரவழைத்தேன். ரொட்டிக்காரருக்கு அடுப்புப் பெட்டி வைத்தது, டாக்டரம்மாவின் உயரத்துக்குத் தாழ்த்தியது, இரண்டு நாயோடு ஊர் சுற்றுகிற பெரியவருக்குப் பக்கப்பெட்டி வைத்தது, மல்யுத்தக்காரருக்கு ஒரு முழம் நீட்டியது. எல்லாவற்றின் பிரேக்கையும் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. மறுபடி வரவழைத்தேன். மறுபடி பிரித்தேன். "தம்பி, இது ஏழாவது தடவை. அந்தப் பிரேக்குக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு" என்றார் மல்யுத்தக்காரர்.

இவள் வேறு விதமாகச் சொல்கிறாள். "உங்க மாமா ஒரு நாள்தான் விழுந்தாரு. நீங்க தினமும் விழுறீங்க."

அக்கா, ஒரே ஒரு உதவி. பட்டாளத்தானின் பிரேக் சாமான்களை எனக்கு அனுப்பு. பிரேக் கட்டை இரண்டு, அவை உள்ளே அழுத்துகிற உருளை, இழுக்கிற கம்பி, மிதி. எங்கே தவறினேன் என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். இவர் நேரத்துக்கு.

எஞ்சினைச் சாக்கில் சுற்றி லாரியில் போட்டாயிற்று. லாரிக்காரர் தூக்கும்போது இவர் கட்டிலிலிருந்து கத்திய கத்தலில் அந்த ஆள், "ஐயா, உள்ள குழந்தை ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

நீ கேட்ட அளவுகளை எடுக்க நேற்று அவரை உட்கார வைத்து டேப் பிடித்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு இருபத்திரண்டரை அங்குலம். இடது முட்டியிலிருந்து பாதம் பத்தொன்பது. "வலது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். முறைத்தார். அப்புறம் அவரே சிரித்துவிட்டு, "அதுக்குக் கணக்கு முடிஞ்சு போச்சு, கோடு போட்டுடு" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். நல்லவர்தான் தம்பி. அதை நீ மறக்கக் கூடாது.

டேப்பைச் சுருட்டும்போது ஏனோ ஒரு பழைய பேச்சு ஞாபகம் வந்தது. பட்டாளத்தானுக்கு மிதி மாட்டுகிற அன்று நீ கேட்டாய்: "மாமா, இந்தக் காலத்து வண்டியிலெல்லாம் வலது காலில் பிரேக், இடது காலில் கியர். இதில் தலைகீழாக இருக்கிறது. நீங்கள் தினமும் ஓட்டுவது புது வண்டி. மாற்றி வைத்துவிடவா?" அதற்கு இவர், "அசல்னா அசலாத்தான் இருக்கணும்டா. எந்தக் கால் எதுன்னு தெரியாதவன் பழைய வண்டி பக்கமே வரக் கூடாது" என்றார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

பிரேக் சாமான்களைப் பற்றி எழுதியிருந்தாய். தட்டுகள் கலைந்து கிடக்கின்றன. தேடிப் பார்க்கிறேன். அந்த வரியை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. நீயும் இனிமேல் அதைத் தனித்தாளில் எழுது.

உனக்காக வேண்டிக்கொள்கிற
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலத்தையும் இரண்டு வரி எழுதினால் என்ன குறைந்துபோகும்? இது அந்தத் தனித்தாள். மாமாவுக்குப் படிக்க வேண்டியது இன்னொரு தாளில் இருக்கிறது, படத்தோடு.

எஞ்சின் பத்திரமாக வந்தது. சட்டம் வளைத்தாயிற்று. கியரை இடது கைக்கு நீளக் கம்பியாகக் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீர்ப் பம்பு அடிக்கிற மாதிரி முன்னே தள்ளினால் ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும். ஆசனத்தை இவள் தைக்கிறாள். "உங்க மாமா உக்கார்றதுக்கா, படுக்கிறதுக்கா? இவ்வளவு அகலம்!" என்கிறாள். ஒருவர் உட்கார மட்டும் அகலம் வேண்டாம் என்று எனக்கும் தெரியும். நீ பக்கத்தில் உட்காரத்தான் கேட்டிருப்பார்.

நீ கேட்ட பழைய பேச்சு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா சொன்னது சரிதான். கண்ணைக் கட்டி விட்டாலும் அவர் கால் தவறாது. தவறியது என் கைதான்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்வது. ஜன்னல் கிரில் செய்கிற ஒருவர் என் பட்டறையை மூன்று வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார். லேத், வெல்டிங் சாமான், இடம் எல்லாம் சேர்த்து. ஏப்ரல் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமா வண்டியை முடித்துவிட்டுக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். பயப்படாதே, வயிற்றுப்பாட்டுக்கு இல்லை. பிரேக் எதனால் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன், தொழிலை விடமாட்டேன். தெரியாமல் இன்னொரு மனிதரை என் வண்டியில் ஏற்ற முடியாது. இருபது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். இப்போது ஒரு மரையைத் திருகினால்கூட அதை மறுபடி கழற்றிப் பார்க்கிறேன்.

சாமானை அனுப்ப ஆள் இல்லையென்றால் பரவாயில்லை. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, அது எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தாயே. அதைப் பார்த்து எழுது. உன் நோட்டு போதும். நீ எழுதினால் அது நான் பார்த்த மாதிரி.

அன்புத் தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். குளிர் விட்டதிலிருந்து இவருக்கு அரிப்புக் குறைந்திருக்கிறது. உங்கள் இருவரின் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ வரைந்து அனுப்பிய படத்தை ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருக்கிறார். உன் கையெழுத்தைப் பார்க்க மாட்டாராம், உன் படத்தை மட்டும் பார்ப்பாராம். "கைப்பிடி ரொம்ப உசரம். கழுதை ஓட்டுறவன் மாதிரி இருப்பேன்" என்றார். "அப்படியே எழுதவா?" என்றேன். "கழுதையை மட்டும் எடுத்துடு" என்றார்.

பட்டறையைக் கொடுத்துவிடாதே. அவசரப்படாதே. ஆண்டவன் ஒரு வழி காட்டுவான்.

நோட்டிலிருந்து நீ கேட்டதை எடுத்து எழுதுகிறேன். முதல் இருபத்துநாலும் எஞ்சின் சாமான், அது உன்னிடமே இருக்கிறது.

25. பின்சக்கர பிரேக் கட்டை இரண்டு: தேய்வில்லை. புதுசு மாதிரி.
26. உருளை: உள்ளே வழவழப்பு. கீறல் இல்லை.
27. பிரேக் கம்பி: நேர். மரை கெடவில்லை.
28. பிரேக் மிதி: இடப்பக்கம் விழுந்ததால் வெளியே உரசல். வளைவில்லை.
29. முன் பிரேக் கயிறு: அறவில்லை. (முன் பிரேக் அந்தக் காலத்து வண்டியில் பேருக்குத்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.)
30. கிளட்ச் கைப்பிடி: நுனி உடைந்தது.
32. கால் வைக்கும் கட்டை, வலப்பக்கம்: நன்றாக உள்ளது.
33. கால் வைக்கும் கட்டை, இடப்பக்கம்: மடங்கியது.
34. செயின்: அறவில்லை.

இவ்வளவுதான். பார்த்தாயா, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அதனால் நீ நிம்மதியாக இரு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நாங்கள் சௌக்கியம். கல்லுக்குண்டுக்கும் இடையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

பட்டியலை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரண்டு வருகிறது. வேறு யார் எழுதியிருந்தாலும் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பேன். பால்காரர் வராத நாளைக்கூட வராத நாள் என்று குறித்து வைக்கிறவள் நீ. உனக்கு எண் தவறாது.

முப்பத்தொன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். விட்டுவிட்டு, எண்களை மாற்றி எழுதி மறைக்கவும் உனக்கு மனசு வரவில்லை. பொய் எழுத வராது உனக்கு.

முப்பத்தொன்று எது அக்கா? என் தப்புத்தானே? பிரேக்கில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நான் மாட்ட மறந்த ஏதோ ஒரு ஆணி. தம்பி தாங்க மாட்டான் என்று நீ மூடி வைக்கிறாய். பதினேழு மாதமாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தாங்குவேன். எழுது.

முப்பதாம் தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது.

அன்புத் தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உனக்கும் மாமாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று வாரமாகத் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "உங்க அக்கா எழுதினா நான் என்ன தின்னுடவா போறேன்?" என்று அவருக்கே கோபம் வந்துவிட்டது.

நீ பதில் எழுதாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். உன்மேல் வருத்தமில்லை. என் தப்பை என் வாயில் திணிக்க உனக்கு மனசு வரவில்லை. நீ எப்போதும் அப்படித்தான்.

மாமா வண்டி முடிந்துவிட்டது. வர்ணம் காய்கிறது. கைப்பிடி உயரம் என்றாரே, ஒரு அங்குலம் இறக்கியிருக்கிறேன்.

முப்பதாம் தேதி காலையில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன். லேத்தை நேற்று எண்ணெய் போட்டுத் துடைத்தேன். கொடுக்கப் போகிற சாமானுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்றாள் இவள். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து கூடவே துடைத்தாள்.

அன்புத் தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு விசாரிக்க எனக்கு இன்று முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் முப்பதாம் தேதி மத்தியானம் கைக்கு வந்தது. படித்ததும் செருப்புக்கூடப் போடாமல் மருந்துக்கடைக்கு ஓடி உன் பட்டறைக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "இது இப்ப கிரில் கடைங்க. பழைய ஆளு காலைலயே சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. உங்களுக்கு ஜன்னலுக்கு வேணுமா, கதவுக்கு வேணுமா?" என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொடுத்தார்.

31. கியர் மிதி, வலப்பக்கம்: கீழ்நோக்கி இரண்டு விரற்கடை வளைவு. தரையில் உரசிய தடம் இல்லை. மிதி ரப்பரில் அவர் செருப்பின் அடித்தடம், அச்சுக் குத்தியது போல.

இதற்குமேல் நான் உனக்கு விளக்க வேண்டாம். பாலத்துச் சரிவில் அவர் வலது காலால் பிரேக்கை மிதித்தார். அங்கே பிரேக் இல்லை, கியர்தான் இருந்தது. மிதிக்க மிதிக்க ஏன் நிற்கவில்லை என்று இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறார். உன் பிரேக்கை அவர் தொடவே இல்லை.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம். மண்ணெண்ணெய்ச் சட்டியில் அதைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை எழுத வேணாம்" என்றார். "எழுதிட்டேனே" என்றேன். "அழிச்சிடு." "மையில எழுதினது." அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இன்று வரை அந்த மிதியைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குள் அவர் வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். முதலில் "பிரேக் சரியா பிடிக்கலை" என்றார். பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது "பிரேக்கே இல்லை" ஆயிற்று. கால் மாறிப்போகிறவர்களைக் கேலி செய்தே பேர் வாங்கின மனுஷர். காலும் போய் அந்தப் பேரும் போனால் என்ன செய்வார் என்று பயந்தேன். நீ சின்னவன், தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். பதினேழு மாதம் தினமும் கும்பிட்டேன். நான் சொல்ல வேண்டியதை ஆண்டவனே உனக்கு எப்படியாவது தெரியப்படுத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு. வாயும் கையும் எனக்கு எதற்குக் கொடுத்திருக்கிறான்?

ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். நான் விட்ட வரி உன்னைக் காப்பாற்ற என்று நீ நினைத்தாயே, அதைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கிக் கீழே வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மருந்துக்கடையிலிருந்து திரும்பி வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். இதுவரை அவருக்குப் பிடிக்காத வரிகளை விட்டு விட்டுத்தான் படிப்பேன். அன்று ஒரு எழுத்து விடவில்லை. லேத்தைத் துடைத்தது வரைக்கும் படித்தேன். அப்புறம் நோட்டை எடுத்தேன்.

"அதைப் படிக்காதே" என்றார்.

படித்தேன்.

"என் கால் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ படிச்சுத்தான் எனக்குத் தெரியணுமா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியலை. இன்னிக்கு அவன் பட்டறை போயிடுச்சு."

"ஒரு கால்தான் போச்சுன்னு இருந்தேன். போ, மிச்சத்தையும் கொண்டுபோய்த் தபால்ல போட்டுட்டு வா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதோ போடுகிறேன் தம்பி. என்னை நீ என்ன திட்டினாலும் தகும்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

இருவரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்று படித்தேன். இப்போது அது என் பட்டறை இல்லை, நான் அங்கே கூலிக்குக் கிரில் வெட்டுகிறேன். என் லேத்தில், என் கையால், வேறொருவருக்கு. மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, திருப்பிக் கேட்க முடியாது. கேட்டுப் பார்த்தேன். "நல்லா வேலை செய்யுறீங்க, எதுக்குத் தம்பி உங்களுக்கு முதலாளித் தலைவலி?" என்றார். தங்கமான மனுஷர். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

இவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் வெளியே போய் ரொம்ப நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். "உங்க அக்காவைத் திட்டணும்னு வாய் வருது. அந்த வீட்டுல நான் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சேன். வாய் நின்னுடுச்சு" என்றாள். எனக்கு இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் அன்புள்ள என்று மேலே எழுதவில்லை. எழுத வரும்போது எழுதுகிறேன்.

மறுநாள் மாமா வண்டியை வெளியே எடுத்தேன். பதினெட்டு மாதமாக எந்த வண்டியிலும் ஏறாதவன், அந்த பெஞ்சில் ஏறி, இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டுத்தெருச் சரிவில் விட்டேன். பாதியில் இடது காலை வைத்தேன். நின்றது. மேலே போய் மறுபடி விட்டேன். மறுபடி நின்றது. ஆறாவது தடவை, "போதும், எனக்கு வயித்தைப் புரட்டுது" என்று இறங்கிவிட்டாள்.

வண்டி லாரியில் வருகிறது. அதற்குப் பணம் ஒன்றும் வேண்டாம். ஆனால் ஒன்று கேட்பேன். ரொட்டிக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஒரு கொட்டகை தருகிறேன் என்கிறார். கைச்சாமான்களை வைத்துச் சின்னதாகத் தொடங்கலாம். யார் வருவார்கள்? பிரேக் பிடிக்காத வண்டி கட்டுகிறவன் என்று மாமாவின் பேச்சு இங்கே வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நடந்தது என்ன என்று மாமா எழுதித் தர வேண்டும். அவர் சொல்லி நீ எழுதுவது வேண்டாம். அவர் கையெழுத்தில்.

இதை அவருக்கு ஒரு வரி விடாமல் படி.

தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுதுவேன், நீ எழுதாவிட்டாலும். உங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் மட்டும் குறைவு, மற்றபடி ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை மே இருபத்தாறாம் தேதி படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமாட்டில் ஒரு ஸ்பேனர் வைத்துக்கொண்டார். கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் ஒன்றுக்குப் போகிற பாத்திரம். மூன்று என்றால் ஜன்னலைச் சாத்து. நான் பேசினால் பதில் இல்லை. பதினொரு அடி போவதும் வருவதுமாக, வாய் என்று ஒன்று இருக்கிறதே என்று சாமியிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். அவராவது எப்போது பதில் சொல்லியிருக்கிறார், பழக்கம்தான்.

வண்டி இருபத்தெட்டாம் தேதி வந்தது. வெளிக்கதவில் நுழையவில்லை, வாசலிலேயே நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறார்கள். இவர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், யாராவது பார்ப்பதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஏறிப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்று தட்டுத் தட்டினார்.

இவர் கேட்காமல் நான் வண்டிக்கு ஒரு போர்வை மட்டும் போட்டேன். போடும்போது அந்த ஆசனத்தின் தையலைத் தடவிப் பார்த்தேன். உன் வீட்டுக்காரியிடம் சொல், இரண்டு பேர் உட்கார்ந்தாலும் நூல் விடாது. நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. இவர் எழுதித் தராத வரைக்கும் அது உன் வயிற்றில் அடித்து வாங்கின வண்டி.

நேற்று முன்தினம் மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது, என் நோட்டு அவர் மடியில் இருந்தது. கட்டிலிலிருந்து அலமாரிக்கு எப்படிப் போனார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. முட்டியெல்லாம் தரையில் உரசிச் சிவந்திருந்தது. முப்பத்தொன்று இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அதைப் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த வரிகளுக்குக் கீழேயும் நாலைந்து வரி எழுதினார். பெரிய கையெழுத்தாகப் பேரைப் போட்டார். தாளை மடித்து உறையில் வைத்து, எச்சில் தொட்டு ஒட்டி, மேலே உன் விலாசத்தையும் அவரே எழுதினார். பின்கோடு தப்பு. நான் திருத்தவில்லை, இந்தக் கடிதத்துக்குள் வைத்தே அனுப்புகிறேன்.

கீழே அந்த நாலைந்து வரியில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டாரா, உன்னையே குறை சொன்னாரா, கைப்பிடி இன்னும் உயரம் என்றாரா தெரியாது. முதல் தடவையாக இந்த வீட்டிலிருந்து உனக்கு வருகிற ஒரு தாளை நான் படிக்கவில்லை. முப்பத்தொன்று அதில் இருப்பது மட்டும் நிச்சயம், நோட்டைப் பார்த்து ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினார். அதை ரொட்டிக்காரரிடம் காட்டு, மல்யுத்தக்காரரிடம் காட்டு. கொட்டகைக்கு வாசல் எந்தப் பக்கம் என்று எழுது, அந்தத் திசை பார்த்துக் கும்பிட வேண்டும்.

மூன்று வருஷத்தை என்னால் திருப்பித் தர முடியாது. நான் பேசாமல் இருந்த பதினேழு மாதத்தையும் திருப்பித் தர முடியாது. அன்புள்ள என்று நீ எழுத எத்தனை நாள் ஆனாலும் சரி. எழுதாமலே விட்டாலும், கடிதத்தை மட்டும் நிறுத்தாதே. இந்த வீட்டில் வெளியே போய்த் திரும்பி வருவது அது ஒன்றுதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்னறையிலிருந்து கூப்பிடுகிறார். ஸ்பேனர் சத்தம் இல்லை. இருபது நாளைக்குப் பிறகு, வாயால் கூப்பிடுகிறார். "இந்தாம்மா, எங்க போய்த் தொலைஞ்சே?"

போகிறேன்.

அக்கா